அரை மணி நேர வேலை

போன வாரம் நீங்கள் எல்லோரும் வேன் பிடித்துக் கரியாலூர் அருவிக்குப் போய்வந்த படங்களை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தொப்பலாக நனைந்து சிரித்துக்கொண்டிருந்தாள். 'நீ மட்டும் ஏன் வரல, மூட்டு வலின்னு கதை வுடாத' என்று கீழே எழுதியிருந்தீர்கள். மூட்டு வலி கதைதான். இந்த வயதிலும் அந்த மலைமேல் என்னால் ஏற முடியாது. அதை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொல்வது? நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் நான் பள்ளிக்கூடம் வரவில்லை. மஞ்சள் காமாலை என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார்கள். நீங்களும் நம்பினீர்கள். திரும்பி வந்தபோது ஒருத்தி எனக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தது கூட நினைவிருக்கிறது.

என் அம்மாவை உங்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யார் என்ன கேட்டாலும் சிரித்து வைப்பாளே, அந்த அம்மா. அதற்கு முந்தைய அம்மாவை உங்களுக்குத் தெரியாது.

அவள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. தத்துவம் படித்தவள். மணலூர்பேட்டைக்கு வெளியே கரும்பும் நெல்லும் போடுகிற ஒரு கூட்டுக் குடும்பத்தில் அவளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தத்துவம் என்றால் சாமி புத்தகம் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பூஜையெல்லாம் நன்றாகச் செய்வாள் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம். அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டியில் சாமி படம் ஒன்றுகூட இல்லை. பதினோரு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. அவள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக அச்சானவை. ஓரம் பழுத்த மெல்லிய அட்டை. திறந்தால் வேப்பிலை மாதிரி ஒரு கசந்த வாசனை வரும். சிதம்பரத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த புரொபசர் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு.

அதிலெல்லாம் என்ன இருந்தது என்று பின்னாளில்தான் ஒருவாறு தெரிந்துகொண்டேன். நல்லது என்று ஒன்றைச் சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? நடந்தது ஒன்று நடக்காமல் இருந்திருக்க முடியுமா? இருக்கிறது என்பதிலிருந்து செய்யவேண்டும் என்பதற்கு எப்படிப் போகிறோம்? கேள்விகள்தான். அம்மா அவற்றில் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கரும்பு ஆலைக்குப் போகும்போது வாங்கிவந்து கொடுத்த நீளமான நோட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, அம்மியோரம் உட்கார்ந்து எழுதுவாள். ஒரு வார்த்தைக்குத் தமிழ் கிடைக்காவிட்டால் யாரையாவது கேட்பாள்.

"அக்கா, நல்ல மாடுங்கறோம். நல்ல மழைங்கறோம். நல்ல தண்ணி, நல்லெண்ணெய். எல்லாத்துலயும் ஒரே நல்லதா?"

பெரியம்மா புளி கரைத்துக்கொண்டே, "நல்ல பாம்ப வுட்டுட்டியே" என்றாள்.

அம்மா அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல பாம்பில் இருக்கிற நல்ல எந்த நல்ல என்று அன்று சாயந்திரம் வரைக்கும் பேச்சு. அந்த நோட்டில் நல்ல பாம்பு ஒரு முழுப் பக்கம் ஏறியது. பெரியம்மாதான் சொன்னாள் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். பிற்பாடு நடந்ததையெல்லாம் வைத்து எங்கள் வீட்டை ராட்சசர்கள் வீடாக நினைத்துவிடாதீர்கள். அப்படியில்லை.

என்னோடும் தம்பியோடும் அவளுக்கு வேறொரு விளையாட்டு இருந்தது. கண்ணை மூடச் சொல்வாள். "இப்ப தென்னமரம் இருக்குதா?" தம்பி "இருக்குது" என்று கத்துவான். "எப்படித் தெரியும்? நீ பாக்கலியே." அவன் கண்ணை மூடிக்கொண்டே தட்டுத்தடுமாறி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டு, "இதோ இருக்குது, இதோ இருக்குது" என்பான். நாம் இருப்பது நிஜமா, யாராவது காண்கிற கனவா என்றும் கேட்பாள். தம்பி தன் கையையே கடித்துக்கொண்டு பல் தடத்தைக் காட்டுவான். அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பத்து.

மோட்டார் கொட்டகை எல்லா வீட்டுக் கழனியிலும் இருந்தது. எங்கள் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் உரிந்து கம்பி தெரியும். எலி கடித்தது. அம்மா அதை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். முதல் முறை பெரியப்பா, "ஆமாம், பாக்கணும்" என்றார். இரண்டாம் முறை, "கரும்பு வெட்டு முடியட்டும்" என்றார். மூன்றாம் முறை தலையை மட்டும் ஆட்டினார். அவர் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. அந்த வருஷம் வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். கொட்டகைக்குள் குழந்தைகள் போகக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியும் இருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. தம்பி சேற்றுக் காலைக் கழுவிக்கொள்ள மோட்டார் தொட்டிக்குப் போனான். கொட்டகைச் சுவர் நனைந்திருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் அதை நான் சொல்ல மாட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தவர் பெரியப்பாதான். வேட்டி அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடிவந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் ஒயர்மேன் வந்தார். புது ஒயர்ச் சுருள், கொஞ்சம் பைப்பு, ஒரு டேப்பு. அம்மா வரப்பில் நின்றாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பியூசைப் பிடுங்கிவிட்டுப் பழையதை உருவிப் புதியதைப் போட்டு, மோட்டாரைப் போட்டுக் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"எவ்ளோ நேரம் ஆச்சுங்க?" என்று அம்மா அவரைக் கேட்டாள்.

"அரை மணி நேர வேலம்மா இது" என்றார் அவர்.

அது வரைக்கும் அம்மா அழுதுகொண்டிருந்தவள். அன்றோடு அழுகை நின்றுவிட்டது. சாயந்திரம் கூடத்தில் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் நின்றாள். எங்கள் வீட்டில் அவள் அவருக்கு எதிரில் நின்று நான் பார்த்ததில்லை.

"விதிம்மா" என்றார் பெரியப்பா, அவள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. "அவன் அவ்ளோதான் எழுதிக்கினு வந்தான்."

"விதின்னா யாரு இன்னா செஞ்சிருந்தாலும் இது நடந்தே இருக்கணுங்க. போன மாசமே ஒயரை மாத்தியிருந்தாலும் நடந்திருக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"போனவன் போயிட்டான். இப்ப அது இன்னாத்துக்கு?"

"இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் இருந்துச்சு. அதுக்கு முன்ன அந்த அரை மணி நேரம் நம்மகிட்ட இல்லியா?"

அப்பா குறுக்கே வந்து, "அண்ணன்தான் காரணங்கறியா? மழ காரணம், எலி காரணம்" என்றார்.

"மழையும் காரணந்தாங்க. எலியும் காரணந்தான். எலிகிட்ட போயி ஏன்டா செஞ்சேன்னு கேக்க முடியாது. மனுஷங்ககிட்ட கேக்கலாம். அதான் வித்தியாசம்." பெரியப்பா பக்கம் திரும்பி, குரல் இறங்கி, கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். "உங்களத் தண்டிக்கணும்னு இல்லங்க. மாத்தியிருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும் எனக்கு."

பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தையை அவள் மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். சோறு போடும்போது கேட்டாள். உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தால் அவர்கள் முன்னால் கேட்டாள். கத்த மாட்டாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு படியாகச் சொல்லி, கடைசியில் கேட்பாள். வந்தவர்கள் கையில் காபி டம்ளரோடு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருப்பார்கள். பெரியப்பா வீட்டுக்குள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு அம்மா நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதி போலீஸ் அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு ஏட்டு வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு, பெரியப்பாவைக் கழனியில் ஆட்கள் முன்னால் நிற்க வைத்து அரை நாள் விசாரித்துவிட்டுப் போனார். மறுபடி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், பெரியப்பா, தூணில் சாய்ந்துகொண்டு அப்பா. பெரியம்மா என்னை மடியில் உட்கார வைத்துப் பொட்டுக்கடலை உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். அம்மா பின்கட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பா, உங்கம்மா எப்பனா ஒரு மாதிரி பேசுமா? இன்னா பேசும், சொல்லு" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. வகுப்பில் கை தூக்குகிற பெண் அல்லவா நான்.

"நாம இருக்கறது நெஜமா கனவான்னு தெரியாதுன்னு சொல்லுச்சு."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்புறம்?"

"கண்ண மூடினா தென்னமரம் இருக்குதான்னு கேக்கும். நல்ல பாம்பு ஏன் நல்லதுன்னு கேக்கும்."

ஒரு பெரியவர் உச்சுக்கொட்டினார். பெரியம்மாவின் மடி என் கீழே ஒரு தரம் அசைந்தது. நல்ல பாம்பு யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அதெல்லாம் தம்பி இருந்தபோது விளையாடியது என்று நானும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. உருண்டையை முழுசாகத் தின்றேன்.

பெரியம்மாவின் தம்பி கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை மாமா என்போம். காற்று மாறினால் புத்தி தெளியும், மலையில் வேர் மருந்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அம்மாவை அங்கே அனுப்பினார்கள். துணைக்கு நான். பத்து நாள் என்றார்கள்.

நீங்கள் படத்தில் பார்க்கிற மாதிரி ஓட்டல்களும் வேன்களும் அப்போது இல்லை. கடை, அதன் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. மண்ணெண்ணெய், வெல்லம், காய்ந்த மிளகாய், புகையிலை எல்லாம் கலந்த நெடி சுவரிலேயே ஊறியிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் எதிரில் இருக்கிற பலாமரம் தெரியாது, அவ்வளவு பனி. ஒரே ஒரு பஸ்தான். அது கடை வாசலில்தான் நிற்கும். அம்மாவை ஏற்றக் கூடாது என்று கடை மாமா கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் கஷாயத்தை அவரே ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்து, "குடிம்மா, சரியாயிடும்" என்பார். பச்சையாக, நுரை கட்டி, தூரத்தில் இருந்தாலே குமட்டும்.

சாமை புடைப்பதற்கு மலைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வருவாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அம்மா முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு மட்டும் பேசுவாள்.

"எனக்குப் பைத்தியம் இல்லன்னு எப்படிக் காட்டறது சொல்லு. சும்மா இருந்தா மருந்து வேலை செய்யுதுங்கறாங்க. பேசுனா மருந்து பத்தலங்கறாங்க. இன்னா செஞ்சாலும் அவங்க சொல்றதுதான் சரின்னு ஆவுது."

அக்கா புடைப்பதை நிறுத்தாமல், "அப்ப அவங்க ஒண்ணுமே சொல்லலன்னுதானே அர்த்தம்" என்றாள்.

மலைக்கு வந்த பிறகு அம்மாவின் முகம் கொஞ்சமாவது தெளிந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகை நடுவில், எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் மூட்டை ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கியது. ஒரு வாரம் கழித்து அக்கா தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். "நீ சொல்லிக்கினு இருந்த புத்தகம் மாதிரி இருக்குதே, பாரு" என்றாள். அம்மா ஓரத்தில் பென்சிலில் எழுதிய பக்கம். பதினோரு புத்தகமும் அந்த மூட்டையில் வந்திருந்தது. நீள நோட்டும் வந்திருந்தது. பாதி அதற்குள் தீர்ந்துவிட்டது. உப்பு, கடலைப் பருப்பு, சீயக்காய் என்று மலை முழுக்கப் போய்விட்டது.

அம்மா கடை மாமாவிடம் போய்க் கேட்டாள். அவர் உண்மையிலேயே திடுக்கிட்டார். "பழைய பேப்பர்னுதான்மா அனுப்பினாங்க. எனக்கு இங்கிலீசு தெரியாதே" என்றார். மிச்சத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டை இல்லாத, முன்னும் பின்னும் இல்லாத நடுப்பக்கங்கள். அதற்குப் பிறகு அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையில் தேடி, கசங்கிய தாள்களை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அம்மா அவற்றை முழங்காலில் வைத்துத் தேய்த்து நீவி, எண்களைப் பார்த்து அடுக்குவாள். எண்ணெய் பட்டு மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். அடுத்த பக்கம் வரவே வராது. அம்மா அந்தப் பாதி வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள், மீதியைத் தானே சொல்லிவிடலாம் என்கிற மாதிரி. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பெரியவர்கள் சொன்னது சரிதானோ என்று முதல்முறையாக நினைத்தேன். இதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்கழி பிறந்து சில நாளில், கடை மாமா சரக்கு எடுக்கக் கீழே போன காலை, அம்மா என் முகத்தைத் துடைத்துச் சட்டை மாற்றிவிட்டாள். "நடந்தே எறங்கிடலாம். வழியில ஜீப் வரும். கள்ளக்குறிச்சி போயி, அங்கேர்ந்து சிதம்பரம். புரொபசர் அம்மா வூட்டுக்கு" என்றாள். "அப்பா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு அங்கேர்ந்து லெட்டர் போடலாம்" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் கேட்டா ஒண்ணும் சொல்லாத. பொய் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்" என்றாள்.

மூன்று வளைவு இறங்கியிருப்போம். வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். எங்களை மூட்டைமேல் உட்கார வைக்க மனமில்லாமல் முன்னால் இடம் போட்டுக் கொடுத்தார். எங்கே போகணும் என்று கேட்டார். "கள்ளக்குறிச்சி" என்றாள் அம்மா. உண்மைதான். கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் குனிந்து, "இன்னா பாப்பா, லீவா? யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவின் கை என் முட்டிமேல் இருந்தது. அது இறுகவில்லை. என்மேல் நம்பிக்கையோடு சாதாரணமாகக் கிடந்தது. எனக்கு மணலூர்பேட்டைக்குப் போக வேண்டும். அப்பாவைப் பார்க்க வேண்டும். உங்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். சிதம்பரம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இவ்வளவையும் நான் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"கரியாலூர்ல மாமா கடைல இருந்தோம். அம்மாவுக்குப் புத்தி சரியில்ல. மாமாவுக்குத் தெரியாம வந்துட்டோம்."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அம்மா அவரிடம் ஒவ்வொன்றாக, தெளிவாக, எல்லாவற்றையும் சொன்னாள். ஒயர், பதினாறாம் நாள், ஒரு வார்த்தை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போவதை நான் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். ஒரு குழந்தையைக் காப்பாற்றியதாக அவர் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

கடையில் இறங்கியதும் நான் சாமை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்து, "ஏன் புள்ள சொன்ன?" என்றாள். அம்மா அவளைத் தடுத்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாத. குழந்த, கேட்டதுக்கு உண்மைய சொல்லிச்சு. பொய் பேசக் கூடாதுன்னு வளத்தது நான்தானே. அவ வேற எப்படிச் செஞ்சிருக்க முடியும்?"

முடிந்திருக்கும். எனக்குத் தெரியும், முடிந்திருக்கும். உலகத்தில் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டவள், என் ஒருத்திக்கு மட்டும் அவளாகவே விடுதலை கொடுத்தாள். அது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அவள் உயிரோடு இருந்த மற்ற நாட்களிலும் வரவில்லை.

இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்குளிரில் உடம்பு கொதித்தது. அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தாள். கடை மாமா வாசலில் உட்கார்ந்துகொண்டு எங்களை வெளியே விடப் பயந்தார். "அவங்க வரட்டும்மா, ஆள் அனுப்பியிருக்கேன்" என்றார். அம்மா அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறி எழுந்து கடைக்குள் போய்விட்டார். நான் தம்பியைக் கூப்பிட்டுப் பிதற்றினேன் என்று பின்னால் கடை மாமா சொன்னார். தென்னைமரம் இருக்குது, இருக்குது என்று கத்தினேனாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெரியப்பாவும் அப்பாவும் ஜீப்பில் வந்தார்கள். பெரியப்பா இளைத்துப் போயிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மனு எழுதியபோது எனக்குச் சித்த சுவாதீனம் இல்லை, அதில் உள்ள எதற்கும் நான் பொறுப்பில்லை என்று அம்மா சொல்வதாக யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"புள்ளைய மொதல்ல வண்டில ஏத்துங்க" என்றாள் அம்மா.

"ஏத்திடலாம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாரும் ஒண்ணா போயிடலாம்." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சினார். அம்மா கூடத்தில் அந்த ஒரு வார்த்தைக்காகக் கெஞ்சியபோது அதே குரலை நான் கேட்டிருக்கிறேன்.

"இல்லன்னா?"

பெரியப்பா தாளை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அப்பா சாமை மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா" என்று நான் கை நீட்டினேன். அவர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

அம்மா தாளை வாங்கி முழுவதும் படித்தாள். நிதானமாக, இரண்டாம் முறையும் படித்தாள். பேனாவை வாங்கினாள். சுவாதீனம் என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது போல. அதை அடித்துத் திருத்தினாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

நான் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷப்பட்டேன். காய்ச்சலில் வந்த சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சல் விட்ட பிறகும் அது இருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். பொங்கலுக்கு முன் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நடுப்பக்கங்கள் கரியாலூர் அறையிலேயே தங்கிவிட்டன. அம்மா அவற்றைக் கேட்கவும் இல்லை.

பெரியப்பா கடைசி வரைக்கும் மோட்டார் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் அப்பாவோ ஆளோதான் போவார்கள். அவர் வரப்பில், கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அது அவருடைய முசுட்டுக் குணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விதி என்ற அந்தச் சொல் இல்லாவிட்டால் அவரால் ஒரு வேளைகூடச் சோறு தின்றிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அம்மா கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொடுத்தால் அவரிடம் வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. இதை அந்த வீட்டில் யாராவது ஒருவர் அவளிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அவளைப் போல எதையும் காது கொடுத்துக் கேட்கிறவளை நான் பார்த்ததில்லை. யாருமே அவளோடு பேசவில்லை. பேசுகிற ஒருத்தி மலைமேல் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் காலை. சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். பெரியம்மா எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் எப்போதையும்விட மென்மையாக இருந்தன. அம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வந்திருந்தவர்களில் வயதான அத்தை ஒருத்தி டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இப்ப எப்படிக்கீது? தேவலாமா?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. எந்தப் பதில் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியாத குழந்தை டீச்சரைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நல்லாயிடுச்சு அத்தை" என்றேன் நான். "அம்மா இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல."

அத்தை சந்தோஷமாகத் தலையாட்டினாள். அம்மாவும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் முப்பத்து நாலு வருஷம் இருந்தாள். டாக்டரோ, கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களோ, ஆண்டு விழாவில் நீங்களோ யார் அவளிடம் என்ன கேட்டாலும், அவள் முதலில் என்னைப் பார்ப்பாள். நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.